மீனம்பாக்கம் – பலாலி: 355 கிலோமீட்டரும் நாற்பது வருடங்களும்

முதலில் ஒரு சின்னக் கேள்வி. சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து ஆகாய மார்க்கமாகப் பார்த்தால் எது பக்கம்? மதுரையா, கோயம்புத்தூரா, யாழ்ப்பாணமா?

பெரும்பாலானவர்கள் மதுரை அல்லது கோவை என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணம் வெளிநாடு ஆயிற்றே, கடல் தாண்டி இருக்கிறதே என்று நினைப்பது இயல்பு. ஆனால் சரியான விடை யாழ்ப்பாணம்!

சென்னை விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் தூரங்கள் ஏறக்குறைய இப்படி வரும்:

பெங்களூர் – 270 கி.மீ.
திருச்சி – 295 கி.மீ.
யாழ்ப்பாணம் (பலாலி) – 355 கி.மீ.
கோயம்புத்தூர் – 405 கி.மீ.
மதுரை – 415 கி.மீ.
கொழும்பு (கட்டுநாயக்க) – 645 கி.மீ.

இன்னொரு ஆச்சரியம், மீனம்பாக்கமும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. இரண்டுமே 80 பாகை கிழக்கை ஒட்டியவை. வரைபடத்தில் ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தால் அது தாம்பரத்துக்குச் சற்றுக் கிழக்கே போய், கல்பாக்கம் பக்கத்தில் கரையைத் தாண்டி, வங்கக் கடலில் இறங்கி, கோடியக்கரையை வலது கைப்பக்கம் விட்டுவிட்டு, நேராகப் பலாலியில் போய் முட்டும். தெற்கே ஒரே நேர்கோடு. திரும்ப வேண்டிய வேலையே இல்லை.

ஆனால் இந்த நேர்கோட்டில் பயணிகள் விமானம் ஏறக்குறைய நாற்பது வருடங்கள் பறக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

விமானத்துக்கு முன்னால்...

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே போக்குவரத்து என்பது விமானம் வந்த பிறகு ஏற்பட்டதல்ல. ஆறுமுக நாவலர் 1849-ல் அச்சு இயந்திரம் வாங்குவதற்காகச் சென்னைக்கு வந்தார். 1857-ல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் யார் தெரியுமா? கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்! பின்னாளில் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவரும் இதே தாமோதரம்பிள்ளைதான். அந்தக் காலத்தில் பயணம் காற்றை நம்பித்தான். பாய்மரக் கப்பல் எப்போது கிளம்பும், எப்போது சேரும் என்பதைக் காற்றும் பருவமும் தீர்மானித்தன.

அடுத்தது ரயில் காலம். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் புகழ்பெற்ற 'போட் மெயில்' தனுஷ்கோடி வழியாக ஓடத் தொடங்கியது. எழும்பூரில் ஏறினால் தாம்பரம், செங்கல்பட்டு வழியாகத் தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 35 கி.மீ. கப்பல். தலைமன்னாரில் மறுபடியும் ரயில். கொழும்பு போகிறவர்களுக்கு இது நல்ல வழிதான். யாழ்ப்பாணம் போகிறவர்கள் மட்டும் தலைமன்னாரிலிருந்து தென்கிழக்கே மதவாச்சி வரை இறங்கி, அங்கே ரயில் மாறி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஒரு நாளைத் தாண்டிவிடும்.

1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பியது. இலங்கையில் கலவரம் முற்றிய 1980-களின் நடுவில் அதுவும் நின்றுபோனது.

பல்லாவரத்தில் பறந்த முதல் விமானம்

இனி ஆகாயத்துக்கு வருவோம். தென் சென்னைப் புறநகர்வாசிகள் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. 1910-ல் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஆஞ்சலிஸ் என்ற கார்சிகா தீவுக்காரர், சிம்ப்சன் கம்பெனியில் ஒரு விமானத்தைக் கட்டச் செய்தார். அதை அவர் சோதித்துப் பார்த்த இடம் பல்லாவரம்! ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருடங்கள்கூட முழுதாக ஆகாத காலம் அது.

1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தபாலை பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். அவரை இன்று அதிகம் பேர் நினைப்பதில்லை.

இலங்கைக்கான வான்வழியிலும் சென்னைக்கு முதல் இடம் உண்டு. 1935 நவம்பர் 27 அன்று கொழும்புக்கு அருகே இரத்மலானை விமானத் தளத்தில் முதன்முதலாக இறங்கிய விமானம் சென்னையிலிருந்து போன ஒரு சிறிய 'பஸ் மாத்'. ஓட்டிச் சென்றவர் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ.

பலாலி விமானத் தளம் பிறந்தது இரண்டாம் உலகப் போரில். பிரிட்டிஷ் விமானப் படை வங்கக் கடலைக் கண்காணிக்க யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் இந்த ஓடுதளத்தை அமைத்தது. போர் முடிந்ததும் அது சும்மா கிடக்கவில்லை.

1947 டிசம்பர் 10

இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. அன்றுதான் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கிளம்பியது. டகோட்டா என்று அழைக்கப்பட்ட டிசி-3 ரகம். பெயர் 'சீதா தேவி'. அது எங்கே போனது? இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (அதாவது பலாலி), அங்கிருந்து சென்னை!

ஒரு நாட்டின் விமான நிறுவனம் தன் முதல் பயணத்துக்கு லண்டனையோ சிங்கப்பூரையோ தேர்ந்தெடுக்கவில்லை. கொழும்பு – யாழ்ப்பாணம் – சென்னை என்ற பாதையைத்தான் தேர்ந்தெடுத்தது. காரணம் எளிது. ஆட்கள் போய்வந்துகொண்டிருந்த பாதை அதுதான். படிப்பு, வியாபாரம், கல்யாணம், கோயில், சினிமா, புத்தகம் எல்லாவற்றுக்கும் வடக்கு இலங்கைத் தமிழர்களுக்குச் சென்னை பக்கத்து ஊர்.

பயண நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிசி-3 விமானம் மணிக்குச் சுமார் 270 கி.மீ. வேகத்தில் போகும். 355-ஐ 270-ஆல் வகுத்தால் 1 மணி 20 நிமிடம். தரையில் உருள்வது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணி சேர்த்தால் 1 மணி 50 நிமிடம்.

இன்று? இந்தப் பாதையில் விடப்பட்ட ஏ.டி.ஆர். 72 ரக விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வகுத்தால் 43 நிமிடம். அதே அரை மணியைச் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரம். கால அட்டவணைகளிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான் போடுகிறார்கள்.

அதாவது எழுபது வருட விமானத் தொழில்நுட்ப வளர்ச்சி இந்தப் பாதையில் மிச்சப்படுத்திக் கொடுத்தது வெறும் அரை மணி நேரம்! அப்படியானால் உண்மையில் பயண நேரத்தை மாற்றியது எது? எஞ்சின் அல்ல. அரசியலும் யுத்தமும்தான்.

கோடு அறுந்த கதை

ஏர் சிலோன் 1970-களின் கடைசியில் மூடப்பட்டு, 1979-ல் ஏர் லங்கா வந்தது. ஏறக்குறைய அதே காலத்தோடு யாழ்ப்பாணம் – சென்னை பயணிகள் விமானமும் முடிவுக்கு வந்துவிட்டது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அதை மறுபடி தொடங்குவதைப் பற்றி யோசிக்கவே முடியாத நிலை. பலாலி முழு ராணுவத் தளமானது.

யுத்தம் மீனம்பாக்கத்துக்கும் வந்தது. 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு விமானத்துக்கு என்று வைக்கப்பட்ட வெடிகுண்டுப் பெட்டிகள் மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே வெடித்தன. சுமார் 30 பேர் செத்துப்போனார்கள். பலர் இலங்கைக்குப் போக வந்த பயணிகள். இந்த வழக்கில் பழி சுமத்தப்பட்டது தமிழீழ ராணுவம் என்ற குழுவின் மேல். யாருடைய சண்டைக்காக யார் செத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இந்த இடைவெளியில் விமானமே பறக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப் படையின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் பெங்களூரிலிருந்து கிளம்பி, யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டுவிட்டுத் திரும்பின. 'ஆபரேஷன் பூமாலை' என்று பெயர். அடுத்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, இந்திய அமைதி காக்கும் படை பலாலியில் இறங்கியது. 1990 மார்ச்சில் அந்தப் படை முழுவதும் வெளியேறும் வரை தென்னிந்தியாவுக்கும் பலாலிக்கும் இடையே விமானங்கள் ஓயாமல் போய்வந்தன. சிப்பாய்களுக்கு அது ஒரு மணி நேரப் பயணம். சாதாரண மக்களுக்கு அந்த வானம் பூட்டித்தான் கிடந்தது.

ஒன்றேகால் மணி நேரம் எப்படி நாட்கணக்கானது?

இப்போது 1990-களில் யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு சாதாரண மனிதரை நினைத்துப் பாருங்கள். அவருக்குச் சென்னை வர வேண்டும். மகளுடைய கல்யாணமோ, அம்மாவுடைய ஆபரேஷனோ இருக்கலாம். வடக்கே 355 கி.மீ. தூரத்தில் சென்னை. ஆனால் அவர் முதலில் போக வேண்டியது தெற்கே!

1990-லிருந்து கொழும்பு – யாழ்ப்பாணம் ரயில் கிடையாது. ஏ9 சாலை மூடப்பட்டது. ஆனையிறவு வழி அடைபட்டதால் கிளாலி கடல்நீரேரியை இரவில் சின்னப் படகில் கடக்க வேண்டும். அங்கே சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் நிறையப் பேர். கடப்பதற்கு முன்னால் புலிகளிடம் 'பாஸ்' வாங்க வேண்டும். 1995-96-ல் குடாநாடு ராணுவத்தின் கைக்குப் போனதும், வெளியேற ராணுவத்தின் அனுமதி வேண்டும் என்றானது. சீட்டு கொடுக்கிற கை மாறியது, சீட்டு மாறவில்லை.

பலாலி – இரத்மலானை இடையே தனியார் விமானங்கள் கொஞ்ச காலம் ஓடின. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 55 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்த விமானத்தின் பாகங்கள் 2012-ல்தான் கடலடியில் இரணைதீவு அருகே கண்டுபிடிக்கப்பட்டன. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு பொதுமக்கள் விமானமும் நின்றது. பிறகு கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு வந்து, அங்கே விசாவுக்குக் காத்திருந்து, அதன் பிறகுதான் சென்னை விமானம். தூரம் மூன்று மடங்கானது. நேரத்தை மணியில் சொல்ல முடியாது, நாட்களில் அல்லது வாரங்களில்தான் சொல்ல முடியும்.

கடிகாரம்கூடப் பிரிந்து நின்றது என்பது பலருக்குத் தெரியாது. 1996-ல் மின்சாரத்தை மிச்சப்படுத்த இலங்கை தன் நேரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, பிறகு அரை மணியாகக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே, அதாவது இந்திய நேரத்திலேயே இருந்தன. ஒரே தீவுக்குள் இரண்டு கடிகாரங்கள்! 2006 ஏப்ரலில்தான் இலங்கை மறுபடி பழைய நேரத்துக்குத் திரும்பியது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சூரியன் என்னவோ எப்போதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் உதித்துக்கொண்டிருந்தது.

2002-ல் போர் நிறுத்தம் வந்து ஏ9 திறந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. 2009-ல் போர் முடிந்தது. 2014 அக்டோபரில் 24 வருடம் கழித்து யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அப்போதும் சென்னைக்கு வழி கொழும்புதான். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் சுமார் 400 கி.மீ. தெற்கே போய், கட்டுநாயக்கவில் மூன்று மணி நேரம் காத்திருந்து, 645 கி.மீ. வடக்கே பறக்க வேண்டும். இந்த விமானம் கிட்டத்தட்ட யாழ்ப்பாணத்தைத் தாண்டித்தான் சென்னைக்கு வரும். அதாவது இரவெல்லாம் பஸ்ஸில் வந்த தூரத்தை மறுபடி ஆகாயத்தில் திரும்பக் கடப்பது!

2019 அக்டோபர் 17

கடைசியில் அந்த நாள் வந்தது. பலாலி, 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்ற பெயரில் திறக்கப்பட்டது. இலங்கை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் விழாவில் இருந்தார்கள். சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்து இறங்கியது. 1947-ல் சீதா தேவி வந்த அதே கோடு, எதிர்த் திசையில்.

பலாலி ஓடுதளம் பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது. அதனால்தான் குறைந்த நீளத்தில் ஏறி இறங்கக்கூடிய ஏ.டி.ஆர். ரகம். இரண்டு பக்கமும் விசிறி சுழலும் இந்த விமானத்தைப் பார்த்துச் சிலர் 'இது என்ன பழைய விமானமா?' என்று கேட்பார்கள். பழையதல்ல. 350 கி.மீ. மாதிரியான சின்னத் தூரத்தில் ஜெட் விமானம் உயரே போய்ச் சேர்வதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும். வேகத்தின் லாபம் சில நிமிடங்கள்தான், எரிபொருள் செலவோ அதிகம். வணிகக் கணக்குப்படி பார்த்தாலும் இந்தப் பாதைக்கு விசிறி விமானம்தான் பொருத்தம்.

2019 நவம்பர் 11 முதல் சென்னை – யாழ்ப்பாணம் சேவை ஒழுங்காக ஓடத் தொடங்கியது. நாலே மாதம்! 2020 மார்ச்சில் கொரோனா வந்து மூடிவிட்டது. மறுபடி 2022 டிசம்பர் 12-ல் தொடங்கி, 2023 ஜூலையில் தினசரி சேவை ஆனது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்க வந்தது. 2025 மார்ச் கடைசியில் திருச்சி – யாழ்ப்பாணம் சேவையும் சேர்ந்தது. கடலிலும் 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது.

இதில் சந்தோஷம் மட்டும்தானா? இல்லை. பலாலி, மயிலிட்டி, வசாவிளான் பக்கத்து மக்கள் 1990-ல் வீடு வாசலை விட்டு வெளியேறியவர்கள். அவர்களுடைய நிலம் 'உயர் பாதுகாப்பு வலயம்' ஆகிவிட்டது. போர் முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரப்பட்டாலும், ஒரு பகுதி இன்னும் ராணுவத்தின் கையில்தான் இருக்கிறது. ஓடுதளத்தை நீட்டினால் பெரிய விமானம் வரும், கட்டணம் குறையும் என்று பயணிகள் நினைக்கலாம். அந்த நீட்டல் யாருடைய தோட்டத்தின் மேல் போகும் என்பது அந்த ஊர்க்காரர்களின் கேள்வி. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் நீட்டப்படும் ஓடுதளம் நல்ல ஓடுதளமாக இருக்காது.

இப்போதைய கணக்கு

தாம்பரத்திலிருந்து ஒருவர் யாழ்ப்பாணம் போவதாக வைத்துக்கொள்வோம். மின்சார ரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். கால் மணி நேரம்கூட ஆகாது. எதிரே விமான நிலையம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட், குடியேற்றச் சோதனை, சுங்கம். பிறகு ஒன்றேகால் மணி நேர விமானம். அந்தப் பக்கம் மறுபடி சோதனைகள், யாழ் நகரத்துக்கு ஒரு சின்ன பஸ் பயணம். மொத்தம் ஐந்தாறு மணி நேரம். அதே நேரத்தில் தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் கிளம்பியவர் திருச்சியை எட்டியிருப்பார், அவ்வளவுதான்.

இந்த ஐந்தாறு மணி நேரத்தில் ஆகாயத்தில் இருப்பது ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான். மீதியெல்லாம் இரண்டு அரசாங்கங்களின் மேஜைகளுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் நேரம்.

பூகோளப் புத்தகத்தில் இரண்டு ஊர்களுக்கு இடையே தூரம் என்று ஓர் எண்ணைப் போடுகிறார்கள். அது மாறாது. நாவலர் காலத்திலும் 355 கி.மீ.தான், இன்றும் 355 கி.மீ.தான். ஆனால் பயண நேரம் என்பது வேறு. பாய்மரக் காலத்தில் அதைக் காற்று தீர்மானித்தது. 1947-ல் எஞ்சின் தீர்மானித்தது. அதன் பிறகு பல வருடங்கள் துப்பாக்கிகளும் அனுமதிச் சீட்டுகளும் தீர்மானித்தன. இன்று ஒன்றேகால் மணி நேரம் என்று அட்டவணையில் சாதாரணமாகப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நாம் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு வரியை மறுபடி எழுத ஒரு தலைமுறைக்கும் மேல் ஆனது.

அடுத்த முறை குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ பஸ்ஸுக்கு நிற்கும்போது விசிறி சுழலும் ஒரு சின்ன விமானம் மேலே போனால் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். அது சேலமோ தூத்துக்குடியோ போகிற விமானமாக இருக்கலாம். தெற்கே கடலைப் பார்த்துப் போனால், ஒருவேளை அதில் யாரோ ஒருவர் பல வருடங்களுக்குப் பிறகு சொந்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.